சருகு உடுத்திய மாடன்

'ஃபேன்ஸி டிரஸ்' என்பதைத் தமிழில் மாறுவேடம் என்கிறோம். மலையாளத்தில் அதற்குப் பிரச்சன்ன வேஷம் என்று பெயர். பிரச்சன்னம் என்றால் மறைந்திருப்பது. ஆளை மறைப்பதுதான் வேஷத்தின் வேலை என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் திருவனந்தபுரத்துப் பள்ளி மேடைகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். வாடகைக்கு எடுத்த தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாக வந்து நிற்கும் குழந்தை, 'நான்தான் வேலுத்தம்பி தளவாய்' என்று மைக்கில் அறிவிக்கிறது. யார் வீட்டுப் பிள்ளை, ஏறத்தாழ எவ்வளவு செலவு என்பதெல்லாம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நொடியில் தெரிந்துவிடுகிறது.

வேஷம் போடக் காலண்டரில் நாளுக்குப் பஞ்சமில்லை. ஜன்மாஷ்டமியன்று பாலகோகுலம் நடத்தும் சோபா யாத்திரையில் சாலை கொள்ளாத குட்டிக் கிருஷ்ணர்கள். ஓணத்துக்கு மாவேலி. நவம்பர் 14க்கு ரோஜாப்பூ செருகிய நேரு. 1956 நவம்பர் 1இல் மாநிலம் உருவானதைக் கொண்டாடும் கேரளப் பிறவி நாளில் எல்லோரும் கசவு. அதற்கு முந்தின நாளான அக்டோபர் 31க்குச் சில பள்ளிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இப்போது ஹாலோவீனைக் கண்டுபிடித்திருக்கின்றன. பேயும் பிசாசும் எலும்புக்கூடுமாகக் குழந்தைகள் வரவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சென்ற ஆண்டு இந்த அறிவிப்பு வந்தபோது இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் டெக்னோபார்க்கில் வேலை. அமெரிக்கா கண் விழிக்கும் நேரத்தில் இவர்களுக்குக் கூட்டங்கள் ஆரம்பமாகும். வாடகைக் கடைக்குப் போக நேரமில்லை. 'எதைப் பார்த்தால் பயமோ அதுவாக வரலாமாம்' என்ற பிள்ளைகளிடம், 'வீட்டில் இருப்பதை வைத்து நீங்களே ஏதாவது செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளைக் கவனிக்காதவள் என்று மற்றத் தாய்மார்கள் நினைப்பார்களே என்ற கவலை.

பெண் யட்சியானாள். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி, அவிழ்த்துவிட்ட தலைமுடி, அவ்வளவுதான். வகுப்பாசிரியையிடம் போய்த் தணிந்த குரலில், 'கொஞ்சம் சுண்ணாம்பு கிடைக்குமா?' என்று கேட்டிருக்கிறாள். கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்த ஊரில் வேறென்ன வேண்டும்? இரண்டாம் வகுப்புப் பையன் தெருநாயாகப் போனான். அரிசிச் சாக்கு, கயிற்று வால், அட்டையில் வெட்டிய காதுகள். அவனைப் பொறுத்தவரை டிராகுலா சினிமாக்காரன். நாய்தான் தெருமுனையில் நிற்கிறது. பரிசு வாடகை டிராகுலாவுக்குத்தான் கிடைத்தது. ஆனால் பையன் ஒரு வாரம் அந்தச் சாக்கைக் கழற்றவில்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. தென் கேரளத்தில் ஓணக் காலத்தில் கரியிலமாடன் என்றொரு வேஷம் உண்டு. கரியில என்றால் சருகு. மாடனை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மரத்திலேயே காய்ந்து தொங்கும் வாழைச் சருகுகளை நாரில் கோத்து, கழுத்திலிருந்து கால்வரை அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்வார்கள். பாக்குமரப் பாளையில் கண்ணுக்கும் வாய்க்கும் துளை போட்டால் முகமூடி தயார். கரியும் சுண்ணாம்பும்தான் வர்ணம். சரசரவென்று சத்தம் போட்டபடி மாடன் வீடு வீடாக வருவான். கூடவே தகரம் தட்டும் பட்டாளம். இதேபோல் கடுவாயும் வேட்டைக்காரனும் வருவதுண்டு. கடுவாய் புலி. அதைத் துரத்தும் வேட்டைக்காரன் தொப்பி வைத்த வெள்ளைக்காரத் துரை. பழமோ, உப்பேரியோ, சில்லறைக் காசோ கிடைக்கும். சருகுக்குள் இருப்பது யார் வீட்டுப் பையன் என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டுக்காரர்களின் விளையாட்டு. பிரச்சன்ன வேஷம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

இந்த வேஷத்தைப் பெரியவர்கள் செய்து கொடுக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். திருவோணத்துக்கு முந்தின நாள் அலைச்சலுக்கு உத்ராடப் பாச்சில் என்று தனிப்பெயரே இருக்கிறது. அந்த நாட்களில் அம்மாக்கள் அடுப்படியில், அப்பாக்கள் கடைத்தெருவில். பிள்ளைகளைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. அந்த நேரமின்மையில்தான் மாடன் பிறந்தான். இன்றைய பெற்றோருக்கும் நேரமில்லை. வித்தியாசம், அதை அவர்கள் குற்றமாக நினைப்பதுதான். நினைத்து, பணத்தால் ஈடுகட்டுகிறார்கள்.

ஹாலோவீனை அந்நியக் குப்பை என்று ஏசுபவர்கள் அதன் பூர்வீகத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பிள்ளைகள் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஸ்காட்லாந்தில் பாட்டோ, கவிதையோ, ஒரு நகைச்சுவைத் துணுக்கோ சொன்னால்தான் பழமும் கொட்டைகளும் கிடைக்கும். விளக்கு வைக்கக் குடைந்தது டர்னிப் கிழங்கை. குடியேறிப் போன அமெரிக்காவில் பூசணிக்காய் சுலபமாக இருந்தது. பிறகுதான் கடைக்காரர்கள் வந்தார்கள். 1937இல் நியூயார்க்கில் தொடங்கிய பென் கூப்பர் போன்ற நிறுவனங்கள் முகமூடியும் அங்கியும் அடங்கிய பெட்டிகளை விற்றன. ஐரிஷ் பிள்ளைக்கும் நெய்யாற்றின்கரைப் பிள்ளைக்கும் சண்டை எதுவுமில்லை. இரண்டு பேருக்கும் கரி ஒன்றுதான். நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அந்தக் கரி அல்ல, அந்தப் பெட்டி.

சருகுக்கு விலை கிடையாது. தோட்டக்காரர் மகனும் தோட்டத்துச் சொந்தக்காரர் மகனும் ஒரே மாதிரி மாடனாகலாம். எங்கள் தென்பக்கத்துக் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவிலும் காளியாக, குரங்காக, குறவனாக வேஷம் கட்டியவர்கள் வசதி இருந்தாலும் வீடு வீடாகக் காணிக்கை கேட்டுத்தான் ஆக வேண்டும். வேஷம் ஆளைச் சமமாக்கியது. வாடகை வேஷமோ வகுப்பறைக்குள் வரிசை போடுகிறது. 1957இல் தொடங்கிய மாநிலப் பள்ளிக் கலோத்ஸவத்திலேயே நடன உடைகளுக்கும் ஒப்பனைக்கும் ஆகும் செலவு ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குகிறது என்ற புகார் தீரவில்லை. அங்காவது திறமைக்குப் பயிற்சி என்று ஒரு சமாதானம் உண்டு. எல்.கே.ஜி. பேய்க்கு அதுவும் இல்லை. முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்குக் 'காய்ச்சல்' வந்துவிடுகிறது.

பள்ளிகள் இதற்காக ஹாலோவீனை நிறுத்த வேண்டாம். அனுப்பும் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 'கடையில் வாங்கியதும் வாடகைக்கு எடுத்ததும் ஏற்கப்படாது, பிள்ளைகளே செய்ய வேண்டும்.' பரிசு தருவதென்றால், எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டுத் தரட்டும். பெற்றோருக்கு அன்று வேலை எதுவுமில்லை, கத்தரிக்கோலைக் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வதைத் தவிர. அடுக்குமாடியில் வாழைமரத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். தினம் ஒரு பார்சல் வந்து, பிரித்த அட்டைப்பெட்டிகள் வாசலில் குவிந்து கிடக்கின்றனவே. அவைதான் இந்தக் காலத்துச் சருகு.