ஜாஸ் பிறந்த கதை



தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கைதட்டல் வாங்க ஓர் எளிய வழி உண்டு. ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, “இது தமிழிலிருந்து போனது” என்று முழங்கிவிட்டால் போதும், மன்றம் அதிரும். இந்தப் பழக்கம் தமிழுக்கு நன்மை செய்யவில்லை என்பது என் கருத்து. அதை விளக்கத் தமிழோடு உறவே இல்லாத ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: ஜாஸ்.

இந்த இசை நம் நகருக்குப் புதிதன்று. 1935-இலேயே லியான் ஆபி என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவுடன் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தார். ஆனால் அதன் பெயர் எங்கிருந்து வந்தது? வம்பளத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் என்பர் சிலர்; ஆப்பிரிக்கச் சொல் என்பர் சிலர்; மல்லிகை அத்தர் தந்த பெயர் என்பாரும் உளர். எல்லாம் காதுக்கு இனிமைதான். சான்று எங்கே?

பழைய நாளிதழ்கள் வேறு கதை சொல்கின்றன. பென் ஹெண்டர்சன் என்னும் பேஸ்பால் வீரர், தாம் வளைத்து வீசும் பந்துக்கு இப்பெயர் சூட்டியதாக 1912-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்று எழுதியது. 1913-இல் சான்பிரான்சிஸ்கோவில் அதற்குத் துடிப்பு, உற்சாகம் என்று பொருள். 1915-இல் சிகாகோ நாளிதழில்தான் அது இசையைக் குறிக்கக் காண்கிறோம். பாட்டுக்கு வருமுன் பந்தாட்டத்தில் இருந்த சொல்! ஒலி ஒற்றுமையை மட்டும் நம்புகிறவர் இதை எந்தப் பிறவியில் கண்டுபிடிப்பார்? உயிர்த்துடிப்பைக் குறிக்கும் ‘ஜாஸ்ம்’ என்ற அமெரிக்கச் சொல் 1860-இலேயே அச்சேறியிருக்கிறது. ஆய்வாளர் பலர் அதன் பக்கமே சாய்கின்றனர்.

எழுத்துக்கூட்டலும் நிலையாக இல்லை. 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் அச்சொல்லின் ஈற்றில் இரண்டு ‘எஸ்’; இரண்டு ‘இசட்’ நிலைத்தது பிறகுதான். (தமிழில் எழுதும்போது நாம் அறியாமலே அந்தப் பழைய ‘எஸ்’ஸுக்கே திரும்பிவிடுகிறோம்!)

தொலைவில் போவானேன்? பம்பாய் என்பது ‘நல்ல விரிகுடா’ என்று போர்த்துகீசியர் வைத்த பெயர் எனப் படித்திருப்பீர்கள். அம்மொழியில் விரிகுடா பெண்பால். ‘போம்’ என்பதோ ஆண்பால் அடை. இலக்கணமே இடிக்கிறது. மேலும், 16-ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் எழுத்துகளிலேயே மகரத்தில் தொடங்கும் வடிவங்கள் உள்ளன. மும்பாதேவியின் பெயரால் வந்தது என்பார்க்கு அந்தப் பழைய எழுத்துகளே துணை. 1995-இல் பெயர் மாறியபோது நடந்த வாதங்களில், மேடை முழக்கத்தைவிட இந்த மகரத்துக்கு வலிமை அதிகம்.

ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவைக்கூட ஒருமுறைக்கு இருமுறை சரிபாராமல் குறிக்காத நாம், மேடை ஏறியதும் ஏன் இப்படி மாறிவிடுகிறோம்? பத்துச் சொற்களில் எட்டு வெறும் ஊகமானால், கேட்கும் மராத்தி நண்பரும் வங்க நண்பரும் மீதி இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். இழப்பு நமக்குத்தான். ஏனென்றால் அந்த இரண்டும் உண்மை. மிளகுத்தண்ணீரும் சுருட்டும் ஆங்கில அகராதியில் ஏறியதற்குத் தக்க சான்றுகள் உண்டு. 1697-இல் அச்சான வில்லியம் டாம்பியரின் கடற்பயண நூலைப் பாருங்கள். சோழமண்டலக் கரையில், மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவையை அவ்வூரார் அழைக்கும் பெயர் என்று அவர் எழுதி வைத்திருப்பது நம் கட்டுமரத்தை.