அந்த யன்னலுக்கு ரூட் எதுக்கு?

போன செமஸ்டர், அசைன்மென்ட் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முதல் இரவு, என்ட லப்டொப்புக்குள்ள என்னாலயே போக முடியாமல் போனது. கடவுச்சொல் சரி. பிழையாக அடித்தால் பிழை என்றாவது சொல்லும். இது சரியென்று ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் கறுத்து, திரும்பவும் கடவுச்சொல் கேட்கிற இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. பத்துத் தடவையாவது அடித்திருப்பேன்.

எல்லாம் பாமினியால் வந்த வினை.

கலைப்பீடத்து ஆக்களுக்குத் தெரியும், கைமாறி வருகிற நோட்ஸில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். யூனிகோட் வந்து எத்தனை வருசம்! அந்தக் கோபத்தை வேறொரு நாள் எழுதுகிறேன். என்ட பழைய லப்டொப் விண்டோஸை இழுக்க மாட்டாமல் மூச்சு வாங்கியதால், ஒரு அண்ணாவின் பென்ட்ரைவில் கிடந்த ஸுபுண்டு 18.04ஐப் போட்டிருந்தேன். அதில் பாமினி இல்லை. நோட்ஸைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எழுத்துருவை சிஸ்டம் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடப் பார்த்தேன், உனக்கு அனுமதி இல்லை என்றது. இணையத்தில் தேடினால், ரூட்டாக மாறி ஃபைல் மனேஜரைத் திற என்று கிடந்தது. திறந்தேன். 'டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை' என்று ஒரு எரர். அதற்கும் தேடி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலைந்து கட்டளைகளை விளங்காமலே ஒட்டினேன். யன்னல் திறந்தது, பாமினியும் வந்தது. லப்டொப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டபோதுதான் மேலே சொன்ன கூத்து.

நடந்தது இதுதான். லினக்ஸில் திரை, உள்ளே நுழைந்த ஆளுக்குச் சொந்தம். எக்ஸ் என்கிற பழைய திரை முறையில், உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் எக்ஸ்-அதோரிட்டி என்று ஒரு மறைவான ஃபைல் இருக்கும். அதில் இருக்கும் இரகசியக் குறியைக் காட்டுகிற புரோகிராம்தான் உங்கள் திரையில் யன்னல் திறக்கலாம். ரூட்டாக மாறிப் போகும்போது அந்தக் குறி கூட வராது. எந்தத் திரை என்பதுகூடச் சிலவேளை தெரியாது. ஆகவே அந்த எரர் ஒரு பழுது இல்லை, காவல். நான் ஒட்டிய கட்டளைகள் காவலைத் தாண்டின. தாண்டும்போது அந்த ஃபைலையே ரூட்டின் பெயருக்கு எழுதிவிட்டன. அடுத்த தடவை நான் நுழைந்தபோது என்ட சொந்த ஃபைலில் எழுத எனக்கே உரிமை இல்லை. கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், ஃபைல்களை உரிமையாளர் பெயரோடு பட்டியல் போட்டுப் பார்த்தபோது விளங்கியது. 'சௌன்' என்ற கட்டளையால் என்ட பெயருக்கு மாற்ற ஒரு நிமிசம். அதைக் கண்டுபிடிக்க மூன்று மணித்தியாலம்.

அதைவிடக் கடுப்பு, பாமினிக்கு ரூட்டே தேவையில்லை. ஹோமுக்குள் 'டொட் லோக்கல்', அதற்குள் 'ஷெயார்', அதற்குள் 'ஃபொன்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் செய்து போட்டிருந்தால் முடிந்தது. நான் வாசித்த ஒரு பதிலிலாவது, உமக்கு இது எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. என்ட வாதம் இதில்தான். யன்னலை எப்படித் திறப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற உதவி, உதவி இல்லை.

அந்தப் பதில்களில் மிக மோசமானது 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்'. அடித்தவுடன் எல்லாம் வேலை செய்யும், ஏனென்றால் உங்கள் திரையின் காவலையே அது எடுத்துவிடுகிறது. எக்ஸில் ஒரே திரையில் இருக்கும் ஒரு புரோகிராம் மற்றதில் நீங்கள் தட்டுகிற எழுத்தை வாசிக்கலாம், நீங்கள் தட்டியதுபோலப் பாசாங்கும் செய்யலாம். அதற்குள் ரூட்டின் யன்னல் ஒன்று திறந்து கிடந்தால் மிச்சத்தை யோசியுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ரூட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி எடுக்கலாம். அந்த இரண்டாவது பாதியை ஒருவரும் எழுதுவதில்லை.

2016 நவம்பரில் ஃபெடோரா 25உம், 2017 ஒக்டோபரில் உபுண்டு 17.10உம் வேலண்ட் என்ற புதிய திரை முறைக்கு மாறியபோது, ஜிபார்ட்டட், சினாப்டிக் போன்றவை ரூட்டாகத் திறக்க மறுத்தன. கடவுச்சொல் கேட்டு யன்னலை ரூட்டாகத் திறந்து தந்த ஜிகேசூ 2018இல் டெபியனிலிருந்தே தூக்கப்பட்டது. சனம் கொதித்தது. மறுத்தது சரி என்றுதான் நான் சொல்வேன். ஒரு யன்னல் என்பது தனி ஆள் இல்லை. தீம், எழுத்துரு, பிளகின், படம் காட்டுகிற துணுக்கு என்று ஒரு ஊரே கூட வரும், அவ்வளவுக்கும் ரூட் அதிகாரம் போகும். விஎல்சி ரூட்டாக ஓடவே மாட்டேன் என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனால் "டெர்மினலில செய்யத் தெரியாட்டி லினக்ஸ் எதுக்கு?" என்று கேட்கிற அண்ணாமாரோடும் எனக்குக் கோபம்தான். ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒருத்திக்கு யன்னலும் பொத்தானும் ஆடம்பரம் இல்லை, அதுதான் வாசல். மறுக்கிறது சரி. ஒற்றை வரி எரரைக் காட்டி மறுக்கிறது சரியில்லை.

நல்ல வழி இருக்கிறது. லைப்ரரியில் பூட்டி வைத்திருக்கிற பழைய பத்திரிகைத் தொகுப்பு வேண்டுமென்றால் துண்டு எழுதிக் கொடுப்போம், உள்ளே போய் எடுத்துத் தருவார்கள். திறப்பை எங்களிடம் தரமாட்டார்கள். போல்கிட் செய்வதும் அதுதான். யன்னல் உங்கள் பெயரிலேயே ஓடும், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கடவுச்சொல் கேட்டு அதைச் செய்துதரும். சூடோஎடிட்டும் அப்படித்தான். ஃபைலின் பிரதியை உங்கள் எடிட்டரில் உங்கள் பெயரில் திறந்து, மூடியதும் ரூட்டாகத் திருப்பி எழுதும். இதிலும் ஓட்டை வராமல் இல்லை. போல்கிட்டின் பிகேஎக்ஸெக்கில் 2009இலிருந்து கிடந்த பெரிய ஓட்டை ஒன்று 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. வாசல் சின்னதாக இருந்தால் அடைக்கிறதும் சுகம். உபுண்டு 19.10இலிருந்து சூடோவும் ரூட்டின் ஹோமையே பாவிக்கிறது, அதனால் எனக்கு வந்த மாதிரி விபத்து இப்ப குறைவு. என்னை மாதிரிப் பழைய பென்ட்ரைவில் கிடந்ததைப் போட்டவர்கள் கவனம்.

போன கிழமை ஒரு ஜூனியர் தம்பி லப்டொப்போடு வந்தார். "அக்கா, ஃபைல் மனேஜர் ரூட்டாத் திறக்குதில்ல, என்ன கட்டளை அடிக்கோணும்?"

"திறந்து என்ன செய்யப் போறீர்?"

"வோல்பேப்பர் ஒண்டு போடோணும்."