தபால் பையை யாரு டிசைன் பண்றாங்கப்பா?

ஸ்ரீமதுரைன்னு ஊர்ப் பேரைச் சொன்னா, "ஓ, மீனாட்சி அம்மன் ஊரா? ஜிகர்தண்டா எப்படி?"ன்னு கேக்கறவங்க இன்னும் இருக்காங்க. இல்லீங்க. இது நீலகிரி மாவட்டம், கூடலூர் பக்கம், முதுமலைக் காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊராட்சி. வயல், தோட்டம், காடுன்னு மாத்தி மாத்தி வரும். மல்லிப்பூவுக்கு நாங்க பேர் போனவங்க இல்லை, அட்டைப்பூச்சிக்கு வேணா சொல்லலாம் :-)

பேர்க் குழப்பம் இதோட நிக்கலை. கூடலூர்னு தேனி மாவட்டத்துலயும் ஒண்ணு இருக்கு, கம்பத்துக்குப் பக்கத்துல. அது முன்னாடி மதுரை மாவட்டத்துல இருந்த ஊர். ஆக, மழையில விலாசம் கரைஞ்சு 'மதுரை, கூடலூர்'னு மட்டும் மிஞ்சினா அந்தக் கடுதாசி எந்த மலைக்குப் போகும்? ஒரு எழுத்து அழிஞ்சா கடலூருக்கே போய் கடல் பார்த்துட்டு வரலாம். இந்த மாதிரி தலைவலிக்குத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு கொண்டு வந்தாங்க. 6-ல ஆரம்பிச்சா பெரும்பாலும் தமிழ்நாடு, கேரளா. 625-னா மதுரை, தேனிப் பக்கம். 643-னா நீலகிரி. ஆறே ஆறு எண்ணுல கடுதாசி சரியான மலைக்கு ஏறிடும்.

ஆனா இந்தப் பதிவு பின்கோடு பத்தி இல்லை மக்கா. பின்கோடு எங்கே முடியுதோ அங்கே ஆரம்பிக்கிற ஒரு சமாச்சாரம் பத்தி. தபால்காரர் தோள்ல தொங்குதே, அந்தப் பை.

சார்ட்டிங்னா என்னமோ ரயில்வே மெயில் சர்வீஸ் ஆபீஸ்ல புறாக்கூடு மாதிரி அறைகள் வெச்ச அலமாரியில நடக்கிற வேலைன்னு நினைக்கிறோம். அது முதல் கட்டம்தான். கடைசிக் கட்டத்தைச் செய்யறவர் தபால்காரர். முதல்ல கடைவீதி, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் நாலு வீடு, அப்புறம் எஸ்டேட் லைன் வீடுகள்னு, நடக்கிற வரிசைப்படி அடுக்கிக்கிட்டுத்தான் கிளம்பணும். அந்த அடுக்கு கலையாம கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேரணும். அப்படின்னா அவர் தோள்ல தொங்குறது வெறும் பை இல்லை, நடமாடுற சார்ட்டிங் அலமாரி.

இப்ப நம்ம மனசுல இருக்கிற தபால் பையை நினைச்சுப் பாருங்க. ஒரு தோள்ல குறுக்கா ஒரு பட்டை. ஒரே வாய். உள்ளே ஒண்ணோ ரெண்டோ அறை. சைக்கிள் ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு சமவெளித் தெருவுல போறதுக்கு அது ஓகே. எங்க பக்கம் ஒத்தையடிப் பாதையில எறங்கும்போது அதே பை என்ன பண்ணும்? கனம் ஒரு பக்கமா இழுக்கும், உடம்பு எதிர்ப் பக்கமா சாயும். மழைக்காலத்துல ஒரு கையில குடை, இன்னொரு கையில கம்பு. பை முன்னாடி ஊசலாடி வந்து முழங்கால்ல இடிக்கும். பத்தாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள காலையில அடுக்கின வரிசை குலைஞ்சிருக்கும். அதை மறுபடி அடுக்கணும்னா எங்கேயாச்சும் திண்ணை வேணும், மழை விடணும்.

இது நான் உக்காந்து யோசிச்சுச் சொல்ற கதை மட்டும் இல்லை. தபால் பையை ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தவங்க இருக்காங்க. 1994-ல 'ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்' இதழ்ல, பையோட வடிவம் தூக்குறவங்க உடம்பை எப்படிக் களைப்பாக்குதுன்னு ஒரு ஆய்வே வந்துச்சு. ஒத்தைத் தோள் பையைவிட, இடுப்புல தாங்கற மாதிரி ரெண்டு பக்கமும் பிரிச்சுத் தொங்கவிட்ட பை மேல்ங்கிறதுதான் சாராம்சம். அமெரிக்காவுல தபால்காரர் தோள்ல 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. இங்கிலாந்துலயும் அதே 16 கிலோ கணக்குதான்.  மலைக்கு இன்னும் குறைச்சலா இருக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

இங்கே சிவன் அவர்களைப் பத்திச் சொல்லியே ஆகணும். நம்ம நீலகிரிக்காரர்தான், குன்னூர்ப் பக்கம். தினமும் 15 கிலோமீட்டர் காட்டு வழியா நடந்தே தபால் கொடுத்தவர். யானை, கரடி, காட்டெருமை எல்லாம் துரத்தியிருக்கு, வழுக்குப்பாறை ஓடையெல்லாம் தாண்டியிருக்கார். 30 வருஷம். 2020-ல ஓய்வு பெற்றப்ப சுப்ரியா சாகு ஐ.ஏ.எஸ். ட்விட்டர்ல ரெண்டு வரி எழுதினாங்க, நாடே கொண்டாடிச்சு. நானும் கை தட்டினவன்தான்.

ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. நான் படிச்ச வரைக்கும் எல்லா செய்தியும் யானையைப் பத்திப் பேசிச்சு, காலைப் பத்திப் பேசிச்சு. தோள்ல என்ன தொங்குச்சு, அது சரியா இருந்துச்சான்னு யாரும் கேக்கலை. ஒருத்தரை மாவீரர்னு சொல்லிட்டா அவருக்கு நல்ல கருவி வேணும்ங்கிறதை நாம வசதியா மறந்துடறோம். பாராட்டுக்குக் காசு செலவில்லை, பை தைக்கக் காசு வேணும். அவ்ளோதான் வித்தியாசம்.

பழைய காலத்துக்காரங்க இதுல நம்மளைவிடக் கெட்டிக்காரங்கன்னு தோணுது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துல 'அஞ்சல்'னு தனித் தபால் துறையே இருந்துச்சு. 1951-லதான் இந்தியத் தபால் துறையோட சேர்ந்துச்சு. அந்த அஞ்சலோட்டக்காரர் கையில மணி கட்டின கம்பு இருக்கும். ஜல் ஜல்னு சத்தம் கேட்டா மனுஷனும் விலகுவான், மிருகமும் விலகும். பாதையைப் பார்த்து, அந்தப் பாதையில என்ன வரும்னு யோசிச்சுக் கொடுத்த கருவி. டிசைன்னா அதுதானுங்களே?

சரி, குறை மட்டும் சொன்னா மொக்கைப் பதிவுன்னு ஓடிடுவீங்க. மலைத் தபால்காரருக்கு எப்படிப்பட்ட பை வேணும்? என் அறிவுக்கு எட்டினது:

1. பையை ரெண்டாப் பிரிக்கணும். பார்சல் முதுகுல, கடுதாசி இடுப்புல. முதுகுப்பைக்கு ரெண்டு தோள்பட்டையும், கனத்தைத் தாங்க இடுப்புப் பட்டையும் வேணும். கடுதாசிப் பை இடுப்போட பக்கவாட்டுல இருக்கணும். நெஞ்சுக்கு முன்னாடி வெச்சா எறக்கத்துல கால் வைக்கிற இடம் தெரியாது.

2. கடுதாசிப் பைக்குள்ள விசிறி மடிப்பு மாதிரி ஏழெட்டு அறை. ஒவ்வொரு அறையும் தனியாக் கழட்டற உறையா இருந்தா, ஆபீஸ் மேஜை மேலயே அடுக்கி அப்படியே சொருகிடலாம். ஒரு அறை ஒரு நிறுத்தம். ஒரு கையாலயே எடுக்க வரணும்.

3. மழை. ஜூன்ல ஆரம்பிச்சா எங்க பக்கம் மழை எப்ப விடும்னு யாருக்கும் தெரியாது. பக்கத்து தேவாலாவைத் தமிழ்நாட்டு சிரபுஞ்சின்னே சொல்லுவாங்க. ஜிப் வெச்ச பை இதுக்குத் தாங்காது. வாயைச் சுருட்டி மடிச்சு மாட்டற மாதிரி இருக்கணும். இல்லைன்னா கடுதாசியை பாலிதீன் கவர்ல சுத்தித்தான் காப்பாத்தணும். சுப்ரியா சாகு கலெக்டரா இருந்து பிளாஸ்டிக்கை விரட்டின மாவட்டத்துல அரசாங்கத் தபால் பாலிதீன்ல போகணும்னா, எங்கே போய் முட்டிக்கிறது?

4. உடம்போட ஒட்டின ஒரு பூட்டு அறை. இன்னிக்குத் தபால்காரர் கையில கடுதாசி மட்டும் இல்லை. 2018-ல தபால் துறையோட பேமெண்ட்ஸ் பேங்க் வந்ததுலேருந்து ஃபோன், கைரேகைக் கருவி, ரொக்கம்னு ஒரு குட்டி பேங்கையே சுமக்கிறார். அது நனைஞ்சா கிழவிக்கு அன்னிக்குப் பணம் கிடையாது.

5. இதுதான் எனக்கு முக்கியம். முதுகுப்பை ஒரே இழுப்புல கழண்டு கீழே விழணும். யானை எதிர்ல வந்தா கனத்தோட ஓட முடியாது. பையைப் போடலாமா வேண்டாமான்னு ஒரு மனுஷன் அந்த நேரத்துல யோசிக்கவே கூடாது. பார்சல் போனா போகட்டும், கையெழுத்துத் தபாலும் பணமும் இடுப்புலயே இருக்கும். உயிருக்குப் பயந்து பையைப் போட்டா அது அவர் குத்தம் இல்லைன்னு எழுத்துலயும் தெளிவாச் சொல்லிடணும்.

"இமெயில், வாட்ஸ்அப் காலத்துல தபால் பைக்கு ஒரு பதிவா?"ன்னு ஒருத்தர் கேப்பீங்க, தெரியும். கடுதாசி குறைஞ்சிடுச்சு, ஒத்துக்கறேன். குறைஞ்சது நலம் விசாரிக்கிற கடுதாசி. வர்றதெல்லாம் ஆதார் அட்டை, ஏடிஎம் கார்டு, கோர்ட் நோட்டீஸ், வேலைக்கான அழைப்பு. 2025-ல பதிவுத் தபாலையே ஸ்பீட் போஸ்ட்டோட இணைச்சுட்டாங்க. முன்னாடி நனைஞ்சது மாமா எழுதின நாலு வரி, இப்ப நனையறது ஒரு பையனோட இன்டர்வியூ தேதி. எண்ணிக்கை குறைஞ்சு மதிப்பு ஏறியிருக்கு. பார்சலோ சைஸும் ஏறியிருக்கு.

"வண்டி கொடுத்தா போச்சு"ன்னு இன்னொருத்தர். வண்டி ரோடு இருக்கிற வரைக்கும் போகும். வயல் வரப்புக்கும் பணியர், குறும்பர் குடியிருப்புக்குப் போற பாதைக்கும் கால்தான். அப்படி நடக்கிறவங்கள்ல நிறையப் பேர் கிராமிய அஞ்சல் ஊழியர்கள், கணக்குப்படி ஒரு நாளைக்கு 4 அல்லது 5 மணி நேர வேலைக்காரங்க. யானை அந்தக் கணக்கைப் பார்த்து வழி விடுமா என்ன?

காசு இல்லைன்னும் சொல்ல முடியாது. 2018-ல தபால்காரங்களுக்குப் புதுக் கதர்ச் சீருடை வந்தப்ப அதை வடிவமைச்சது நிஃப்ட், தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம். ஆக, டிசைனரைக் கூப்பிட வழி தெரியும். 2025-ல 'டிஜிபின்'னு ஒண்ணு விட்டாங்க. நாட்டையே நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் பத்து எழுத்து முகவரி. பிரமாதம், சந்தேகமே இல்லை. வானத்துலேருந்து எங்க வீட்டு வாசப்படியை நாலு மீட்டர் துல்லியமாக் கண்டுபிடிச்சாச்சு. அந்த வாசப்படிக்கு நடந்து வர்ற மனுஷனோட ரெண்டு தோளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

நாடு முழுக்க ஒரே பைன்னு டெண்டர் விடறதை முதல்ல விடுங்க. ராஜஸ்தான் மணலுக்கும் கூடலூர் சேத்துக்கும் ஒரே பை எப்படிச் சரியா வரும்? மலை மாவட்டத்துக்குன்னு பத்துப் பை தைக்கட்டும். இங்கேயே மகளிர் குழுக்கள் இருக்கு, தையல் தெரிஞ்சவங்க இருக்காங்க, பட்டை அறுந்தா அவங்களே தைச்சும் கொடுப்பாங்க. பத்துத் தபால்காரர் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கி நடக்கட்டும். எங்கே உரசுது, எங்கே ஒழுகுதுன்னு அவங்க சொல்றதை டிசைனர் எழுதிக்கட்டும். தூக்கறவன் சொல்லாம தைக்கிற பை எல்லாம் ஷோகேஸ் பைதான்.

பதிவுலக மக்களே, உங்க வீட்ல தபால்துறைக்காரங்க யாராச்சும் இருந்தா அவங்க பை எப்படின்னு கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. இல்லைன்னா அடுத்த வாட்டி தபால்காரர் வாசல்ல நிக்கும்போது, "அண்ணா, ஒரு நிமிஷம் கொடுங்க"ன்னு கேட்டு அந்தப் பையைத் தோள்ல மாட்டிப் பாருங்க. குடிக்க ஒரு சொம்பு தண்ணியும் கொடுங்க.

டிஸ்கி: நான் டிசைனரும் இல்லை, தபால் துறையும் இல்லை. மேலே சொன்ன அஞ்சுல எது உதவாதுன்னு நடந்து பழகினவங்க சொன்னா சந்தோஷமா மாத்திக்கறேன். மலையே ஏறாதவங்க வந்து கும்மி அடிச்சா அட்டைப்பூச்சி பார்சல் அனுப்பப்படும் :-)