நடுவில சந்திப்பம் எண்டால் யாருக்கு நடு?

"எல்லாருக்கும் நடுவில சந்திப்பம்" எண்டு குறூப்பில் ஒருவர் போடுவார். உடனே இன்னொருவர் கூகுள் மப்பைத் திறந்து கிலோமீற்றரைப் பிரிக்கத் தொடங்குவார். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு மூன்றுக்கும் பொதுவாக ஹபரணை வரும். ஏ6 வீதியும் ஏ11 வீதியும் சந்திக்கிற இடம். கார் வைத்திருப்பவருக்கு அது நியாயமான கணக்குத்தான்.

எங்களில் எத்தனை பேரிட்ட கார் இருக்கு? யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வாறவள் ஏ9 வழியே வந்து மரதன்கடவலையில் இறங்கி வேறு பஸ் பிடிக்கவேண்டும். ரயில் எண்டால் இன்னும் மோசம். மாகோ வரைக்கும் தெற்கே போய், மட்டக்களப்புப் பாதையில் திரும்பவும் வடகிழக்கே ஏறவேண்டும். காரில் வந்தவர் ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கையில், அவள் திரும்பிப் போற பஸ்ஸைப் பற்றி யோசிப்பாள். "ராவைக்கு எங்க நிப்பாய்?" எண்டு வீட்டில் கேட்பது அவளிடம்தான். பெடியளிடம் யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் முறை "நீங்கள் சந்தியுங்கோ, எனக்கு ஏலாது" எண்டு போடுவாள். நாங்கள் ஒரு அழுகிற முகத்தைப் போட்டுவிட்டு வான் பேசப் போய்விடுவோம். பிறகு, "அவள் இப்ப வாறதில்லை" எண்டு கதை வேறு. வரவிடாமல் செய்தது யார்?

பிரிக்கவேண்டியது சிரமத்தை. கார் இருப்பவர் கூட ஓடட்டும், பெற்றோல் காசை எல்லாரும் பகிருவோம். அடுத்தமுறை வவுனியாவில் வைப்பம். இல்லாட்டி நேரே அவளின்ர ஊருக்கே போவம்.

"அது சரியான தூரமடா" எண்டு சிலர் சொல்லுவினம். ஓம், தூரம்தான். அவள் அந்தத் தூரத்தை இவ்வளவு நாளும் தனிய வந்தவள்.