தன்னுருவமும் உடலும்: ஒரு கலைச்சொல் குறித்த மறுசிந்தனை

ஓவியர் தம்மைத் தாமே தீட்டிய படைப்பைத் தமிழில் 'தன்னுருவ ஓவியம்' என்கிறோம். தீட்டுபவர், கருவி, பரப்பு ஆகிய மூன்றும் வேறுவேறானவை என்னும் எண்ணம் இச்சொல்லில் உறைந்துள்ளது. கலைஞரின் உடலே ஊடகமாகும்போது இவ்வேறுபாடு குலைகிறது. அத்தகைய படைப்புகள் அனைத்தையும் 'உடற்கலை' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது ஆய்வுக்குப் போதாது என்பது என் கருத்து.

மூன்று படைப்புகளை நோக்கலாம். பிரித்தானியச் சிற்பி மார்க் குவின் 1991இல் தம் உடலிலிருந்து சிறிது சிறிதாக எடுத்த ஏறத்தாழ 4.5 லிட்டர் குருதியைத் தம் தலையின் அச்சில் வார்த்து உறையவைத்து 'செல்ஃப்' என்னும் சிற்பத்தைப் படைத்தார். குளிரூட்டல் நின்றால் அது உருகிவிடும். ஜெனின் அந்தோனி 1993இல் தம் மார்பளவு உருவத்தைச் சாக்லேட்டிலும் சோப்பிலும் எவ்வேழாக வார்த்தார். முன்னவற்றை நாவால் நக்கியும் பின்னவற்றைக் குளியலில் தேய்த்தும் முகக்கூறுகளை மழுங்கச் செய்தார். கியூபாவில் பிறந்து 12ஆம் வயதில் தாயகம் பிரிந்து அமெரிக்கா சென்ற ஆனா மெந்தியெத்தா, 1973 முதல் 1980 வரை 'சிலுயேட்டா' வரிசையைப் படைத்தார். தொடக்கத்தில் தம் உடலையே நிலத்தில் கிடத்தியவர், பின்னர் மண்ணிலும் மலரிலும் நெருப்பிலும் உடலின் புறவடிவத்தை மட்டுமே விட்டுச் சென்றார். இன்று நமக்கு எஞ்சியிருப்பவை அவற்றின் ஒளிப்படங்களும் படச்சுருள்களுமே.

குவினிடம் உடல் மூலப்பொருள், அந்தோனியிடம் கருவி, மெந்தியெத்தாவிடம் சுவடு. மூன்றும் தன்னுருவங்களே எனினும் 'தான்' என்பது மூன்றிலும் ஒன்றன்று.

இவற்றைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டோடு பொருத்திக் காட்ட விழைவோர் உளர். 'மெய்' என்னும் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிப்பது இவ்விழைவைத் தூண்டுகிறது. ஆயின், எண்வகை மெய்ப்பாடுகள் உள்ளத்துணர்வு உடல்வழி வெளிப்படுவதைக் கூறுவன. கண்மூடிய குவினின் குருதித்தலை எவ்வுணர்வையும் வெளிப்படுத்துவதில்லை. குருதியாக இருப்பதொன்றே அதன் பொருண்மை. எனவே இவ்வொப்புமை இரண்டையுமே மங்கச் செய்கிறது.

இவ்வேறுபாட்டை வலியுறுத்தக் காரணம் உண்டு. தமிழில் பெண்கவிஞர்கள் உடலை எழுதியபோது, அதனை அவர்தம் வாழ்க்கை வாக்குமூலமாகவே கொள்ளும் வாசிப்பு ஆய்வேடுகளிலும் இடம்பெற்றது. என் முனைவர்பட்ட முன்னிலை ஆய்வேட்டிலும் இப்பிழை நேர்ந்துள்ளது; கவிதையில் வந்த உடலைக் கவிஞரின் உடலாகவே கொண்டு இயல் ஒன்றையே எழுதினேன். அந்தோனியின் தேய்ந்த முகங்களைக் காண்பவர் அவரது வாழ்க்கை நிகழ்வைத் தேடுவதில்லை. நாவும் கையும் முகத்தை என்ன செய்தன என்றே நோக்குவர். அந்நோக்கு கவிதைக்கும் வேண்டும். உடல் 'யாருடையது' என வினவுமுன், அது பனுவலில் பொருளா, கருவியா, சுவடா என வினவுவதே ஆய்வு நெறியாகும்.