வாளியில் விழும் சில்லறைதான் கூலியா?

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் போதும்; 'பப்' எனப்படும் மதுக்கடைகளின் மாடி அறையும் நிலவறையும் அரங்குகளாகிவிடும். பிற்பகலிலேயே கூட்டம் சேரும். மூலையில் ஒரு மைக். அதன் முன்னே தன்னந்தனியாக ஓர் ஆள். வேடம் இல்லை, பக்க மேளம் இல்லை. ஒரு மணி நேரம் நின்றபடி பேசியே சிரிக்கவைக்க வேண்டும். பல கடைகளில் நுழைவுச் சீட்டும் கிடையாது. முடிந்ததும் அந்த ஆளே வாசலில் வாளி ஏந்தி நிற்பார். மனமிருந்தால் காசு விழும்.

அந்த ஒரு மணி நேரத்தில் விற்ற பீர்க் காசு? அது கடைக்காரனின் கல்லாவுக்கு! கூட்டம் சேர்த்தவன் வாளி ஏந்துகிறான். ஊற்றிக் கொடுத்தவன் கல்லாவைப் பூட்டுகிறான். இதற்குப் பெயர் கலை வளர்ச்சியாம்!

இலவச அரங்கை நாம் ஏசவில்லை. 1947ல் அழைப்பில்லாமல் வந்து சேர்ந்த எட்டு நாடகக் குழுக்கள் தொடங்கிவைத்த விழா இது. பிற்காலத்தில் பெரிய அரங்கக்காரர்கள் கலைஞனிடமே முன்பணம் கேட்கலானார்கள். சீட்டு விற்காவிட்டால் நஷ்டம் கலைஞன் தலையில். தங்கும் அறை வாடகை வேறு ஆகஸ்டில் விஷம்போல் ஏறும். வேலை செய்வதற்குத் தொழிலாளியே பணம் கட்டும் அதிசயம்! இதற்கு மாற்றாகத்தான் பீட்டர் பக்லி ஹில் என்பவர் 1996ல் இலவச முறையைத் தொடங்கினார். கலைஞனுக்கு அரங்க வாடகை இல்லை, ரசிகனுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம். ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது.

சிரிக்கவைப்பது ஒரு வேலையா என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அந்த ஒரு மணி நேரப் பேச்சு வானத்திலிருந்து விழுவதில்லை, ஐயா! சின்னச் சின்னக் கடைகளில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பேசிப் பார்த்து, சிரிப்பு வராத வரியை வெட்டி, வந்த வரியைத் தீட்டி, குடித்தவனின் கூச்சலுக்குப் பதில் சொல்லிப் பழகி, மாதக்கணக்கில் சேர்த்தது அது. பஸ் கட்டணமும் கைக்காசுதான்.

"பேச வாய்ப்புத் தருகிறோமே, போதாதா?" என்பது முதலாளிகளின் பழைய பல்லவி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் இதையே பாடினார்கள். அங்கே 'காமெடி ஸ்டோர்' என்ற அரங்கின் உரிமையாளர் மிட்ஸி ஷோர் அம்மையார். பரிமாறுகிறவருக்குக் கூலி உண்டு. மேடையில் நின்றவனுக்குக் காலணா இல்லை. கேட்டால், இது கலைஞர் பயிலும் கல்லூரி என்று பதில்! வேடிக்கை பார்ப்பவனிடம் வசூல் செய்யும் கல்லூரியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

1979 மார்ச்சில் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டாம் டிரீசன் முன்னின்றார். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்த ஜே லெனோவும் டேவிட் லெட்டர்மனும் அன்று மறியல் அணியில் நின்றவர்கள். சுமார் ஆறு வாரப் போராட்டம். ஒருமுறை மேடையேறினால் 25 டாலர் என்று ஒப்பந்தம் வந்தது. கூலியே கிடையாது என்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்!

ஆனால் மறியலில் நின்றவர்களுக்கு மேடை நேரம் மறுக்கப்படுவதாகக் குமுறல் எழுந்தது. அவர்களில் ஒருவரான ஸ்டீவ் லூபெட்கின் அந்த ஜூனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பழிவாங்கல் என்றால் என்ன என்று ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிட்டனில் நடிகர் சங்கமான ஈக்விட்டி இன்று நகைச்சுவைக் கலைஞரையும் சேர்த்துக்கொள்கிறது. மதுக்கடைக்காரரிடம் கேட்க வேண்டியதும் சிக்கலானதல்ல. மேடையேறும் முன்பே பேசி முடித்த குறைந்தபட்சக் கூலி வேண்டும். அந்த நேரத்து விற்பனையில் ஒரு பங்கு வேண்டும். அதற்குமேல் வாளியில் விழுவது ரசிகனின் அன்பளிப்பாக இருக்கட்டும்.