எங்கள் தெருவே ஏன் எப்போதும் ஆய்வுக் களம்?

போன மாதம் ஒரு தங்கை என்னைப் பார்க்க வந்திருந்தார். முதுகலை முடித்து, நெட் தேர்வில் தேறி, உதவித்தொகையோடு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். கையில் ஆய்வுச் சுருக்கம் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். தன் மாவட்டத்தின் பெயரைப் போட்டு, 'ஆதிதிராவிடர் மாணவியரின் பள்ளி இடைநிற்றலுக்கான சமூகப் பொருளாதாரக் காரணங்கள் - ஓர் ஆய்வு' என்று தலைப்பு. நீயே எடுத்த தலைப்பா என்று கேட்டேன்.

"இல்லண்ணா. கைடு குடுத்தது. உங்க ஆளுங்களப் பத்திதானே, டேட்டா ஈசியா கிடைக்கும்னு சொன்னாரு."

டேட்டா ஈசியாகக் கிடைக்கும். ஏன் ஈசியாகக் கிடைக்கிறது என்று அந்த வழிகாட்டியை யாராவது கேட்டிருக்கிறார்களா? எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். சாத்துகிற மாதிரி கதவும் பல வீடுகளில் இருக்காது. கோப்போடு யார் வந்தாலும் அரசாங்கத்திலிருந்து ஏதோ தரப்போகிறார்கள் என்று பாய் விரித்து உட்கார வைப்பார்கள். வருமானம் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, கழிப்பறை உண்டா, எத்தனை வயதில் கல்யாணம் ஆனது என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். இதே வினாநிரலை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போய், ஐயா உங்களுக்கு மொத்தம் எத்தனை ஏக்கர், அது யாரிடமிருந்து எந்த வருடம் வந்தது, வட்டிக்கு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். டேட்டா எவ்வளவு ஈசி என்று அப்போது தெரியும்.

என் கதையைச் சொல்லாமல் அடுத்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. நானும் அப்படி ஒரு முனைவர் பட்டம் வாங்கியவன்தான். நான் முதலில் எழுதிக் கொண்டுபோனது எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் பற்றி. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும் நம் இயக்கத் தோழர்கள் அறிந்தவை. ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியானால் எங்கள் ஊரில் அந்த நிலம் எப்படிக் கை மாறியது? என் கேள்வி அவ்வளவுதான். வழிகாட்டி இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஏம்பா, உனக்கு டிகிரி வேணுமா, கேஸ் வேணுமா? சேஃபா ஒரு டாபிக் எடு."

அந்த 'சேஃப் டாபிக்'தான் ஆதிதிராவிடப் பெண்களின் சமூகப் பொருளாதார நிலை. முந்நூறு வினாநிரல். என் தெரு, பக்கத்து ஊரில் என் அத்தை தெரு, அதற்கடுத்து ஒரு தெரு. ஒரு கேள்வி: சொந்தமாக நிலம் உண்டா? எதிரே இரண்டு கட்டம். உண்டு, இல்லை. எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆயா இருந்தார். அவரிடம் கேட்டேன். "இருந்துச்சுப்பா," என்றார். இப்போ இருக்கா ஆயா என்றேன். "இருந்துச்சுன்னுதான சொல்றேன்." என் வினாநிரலில் அதற்குக் கட்டம் இல்லை. 'இல்லை' என்பதில் டிக் போட்டேன். அவர் மாமனார் கட்டிப் பயிர் வைத்த பூமி, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு, அடுத்த போகத்துக்கு வரப்பில் கால் வைக்கவிடாமல் விரட்டியது எல்லாம் ஒரு டிக்கில் போய்விட்டது. பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் அந்த டிக்கை ஏற்றினேன். 'பதிலளித்தோரில் பெரும்பான்மையோர் நிலமற்றோர்' என்று ஒரு அட்டவணை வந்தது. கடைசி அத்தியாயத்தில் 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்' என்று பரிந்துரையும் எழுதினேன். யாருக்கு விழிப்புணர்வு? அந்த ஆயாவுக்கா? எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருப்பது அந்த வரிதான்.

இதற்கு ஆய்வு முறையியல் வகுப்பில் அழகான நியாயம் சொல்லித் தருவார்கள். 'ஆய்வு இடைவெளி' என்பார்கள். அதாவது, இதுவரை வந்த நூல்களையும் கட்டுரைகளையும் படி, அவற்றில் எது விட்டுப்போயிருக்கிறதோ அதுதான் உன் ஆய்வுச் சிக்கல். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவரை எழுதியவர்கள் யார், எந்தத் தெருவில் நின்று எழுதினார்கள்? நூறு ஆய்வேடுகள் எங்கள் தெருவையே அளந்திருந்தால் நூற்றியொன்றாவது ஆளுக்குத் தெரியும் இடைவெளியும் எங்கள் தெருவுக்குள்தான் தெரியும். கடலூரில் செய்துவிட்டார்கள், திருவண்ணாமலையில் செய்யவில்லை, ஆகவே இடைவெளி! ஊர்த்தெருவை யாருமே அளக்காததால் அது இடைவெளியாகக்கூடத் தெரிவதில்லை. எழுதப்படாத பக்கம் மேற்கோள் பட்டியலில் வராது அல்லவா.

அண்ணல் அம்பேத்கர் தன் ஆய்வுச் சிக்கலை எப்படி எடுத்தார் என்று பாருங்கள். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். வயது 25. தீண்டப்படாதோரின் சமூகப் பொருளாதார நிலை என்று அவர் எழுதவில்லை. அகமணத்தால் தன்னை முதலில் அடைத்துக்கொண்டது யார் என்று கேட்டார். கதவைச் சாத்திய பார்ப்பன வகுப்பை ஆய்வுப் பொருளாக்கினார். சதி, விதவைக் கொடுமை, குழந்தை மணம் எல்லாம் அந்தக் கதவைச் சாத்தி வைக்கும் தாழ்ப்பாள்கள் என்று காட்டினார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய் எதை எடுத்தார்? ரூபாயை. 1923இல் நூலாகவே வந்த அந்த ஆய்வு நாணயக் கொள்கையைப் பற்றியது. உங்க ஆளுங்களப் பத்தி எழுதேன் என்று யாராவது சொல்லி அவர் கேட்டிருந்தால் நமக்கு 'ரூபாயின் சிக்கல்' கிடைத்திருக்காது. அவர் இரண்டு கூண்டையும் உடைத்தார். சாதியைப் பற்றி எழுதும்போது தன் மக்களைக் காட்சிப்பொருளாக்கவில்லை. சாதியைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயத்துக்கும் அடங்கவில்லை.

நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் செய்ததும் இதுதான். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி அவர் எழுப்பியது 'நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம்' என்ற புலம்பலை அல்ல. எங்களை இப்படி ஆக்கியது யார், எப்போது என்ற வரலாற்றுக் கேள்வியை. அவருக்கு முனைவர் பட்டமும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. அதனால் தப்பித்தாரோ என்னவோ.

இந்தப் பக்கம் கல்விப்புலத்தைப் பாருங்கள். தஞ்சைக் கிராமம் ஒன்றைப் பற்றி ஆந்த்ரே பெத்தேயின் புகழ்பெற்ற நூல் 1965இல் வந்தது. ஸ்ரீபுரம் என்று ஊருக்குப் புனைபெயர் வைத்தார். அவர் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கவனியுங்கள்: எந்தத் தெருவில் பெட்டியை இறக்குகிறோம் என்பது ஆய்வுக்கு முந்தைய சில்லறை ஏற்பாடு அல்ல. அங்கேயே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது. அந்த நூல் வந்து மூன்று ஆண்டில், 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்தில் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு. ஒரு நூல் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று வாதிடவில்லை. நிலவுடைமையாளர்களின் வீட்டுக் கூடத்தில் என்ன பேசப்படுகிறது, அவர்களின் சங்கம் எப்படி நடக்கிறது என்பதை ஆய்வுச் சிக்கலாக எடுத்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறேன். 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் எரிந்தபோதும் இதுதான் நடந்தது. நிவாரணம், மனநிலை, மறுவாழ்வு என்று எரிந்த பக்கம்தான் திரும்பத் திரும்ப ஆய்வுக் களமாகிறது. எரித்த பக்கத்துக்கு வினாநிரல் போவதில்லை.

கோபால் குரு 2002இல் இதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு கூட்டத்துக்கு, தரவு பொறுக்கும் வேலை இன்னொரு கூட்டத்துக்கு என்று பிரிந்து கிடக்கிறது என்பது அவர் வாதம். அந்தக் கட்டுரையை எங்கள் துறையில் பாடமாகவே வைத்தார்கள். பாடம் நடத்திய கையோடு எங்களுக்கு வினாநிரலும் கொடுத்தார்கள்.

சரி, அந்தத் தங்கையிடம் என்ன சொன்னேன்? தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. உதவித்தொகை 37,000 ரூபாய், மாதாமாதம் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்தினால்தான் வங்கிக்கு வரும். அதற்கு வழிகாட்டி மனது வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் வீட்டில் தம்பி படிக்கிறான். மோதி உடைந்துபோ என்று வெளியே நின்று உபதேசம் செய்யும் அண்ணன்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன்: உன் ஊரில் சின்ன வயதிலிருந்து உனக்குப் புரியாத விஷயம் எது?

கொஞ்ச நேரம் யோசித்துச் சொன்னார். "எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கிறத டி.சி. நெலம்னுதாண்ணா எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா அதுல எங்க ஆளுங்க ஒருத்தர்கூட பயிர் வெக்கல."

இதுதான் ஆய்வுச் சிக்கல். பெயருக்கும் அனுபோகத்துக்கும் நடுவே ஒரு முரண் இருக்கிறது, அது ஏன் என்று தெரியவில்லை. நான் பயந்து மூடிய அதே கேள்வி வேறொரு ஊரிலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று இன்றைக்குத் தெரியும். இந்த ஆய்வை ஆட்களிடம் தொடங்கக்கூடாது, காகிதத்தில் தொடங்க வேண்டும். ஒரே ஒரு வருவாய்க் கிராமம் போதும். மாவட்டம் முழுக்க வேண்டாம், ஆறு வருடத்திலும் முடியாது. முதலில் பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, பிறகு அ-பதிவேடு, சிட்டா, அடங்கல். ஒவ்வொரு புல எண்ணாக ஒரு நோட்டில் ஏற்ற வேண்டும். தாலுகா ஆபீசில் யூ.டி.ஆர். என்று சொல்கிற, 1979இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நிலப் பதிவுப் புதுப்பிப்புக்கு முன்னால் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருந்தது, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். நிபந்தனை என்ற சொல் எந்த ஆண்டில் காணாமல் போனது என்பது அங்கே தெரியவரும். அடுத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேட மனுப் போட வேண்டும், அலைய வைப்பார்கள், அதையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும். எந்த மேசை, எந்தத் தேதி, என்ன பதில் என்பதும் தரவுதான். கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகள் இருக்கின்றன. இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் ஆயாக்களிடம் போய் உட்கார வேண்டும். அப்போது அவர்கள் 'இருந்துச்சு' என்று சொன்னால் எந்தப் புல எண், எந்த ஆண்டு வரை என்று நம்மிடம் கட்டம் இருக்கும். ஊர்த்தெருவுக்குக் கடைசியாக, தனியாக அல்லாமல்.

புனைபெயர் விஷயத்தில் எங்களுக்குள் கொஞ்சம் தகராறு வந்தது. ஆய்வு அறம் என்று ஊர்ப்பெயரை மறைக்கச் சொல்வார்கள், அவரும் மறைக்கத்தான் நினைத்தார். பேசியவர்களின் பெயரை மறைத்தே ஆக வேண்டும், அவர்கள் நாளைக்கும் அந்த ஊரில்தான் வாழப்போகிறார்கள். ஆனால் பதிவேடு பொது ஆவணம். அதன் புல எண்ணை மறைத்தால் அந்த மறைவு யாருக்குப் பயன்படும்? 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்துக்காக எழுந்த போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியும். நிலத்தை வளைத்துப் போட்டவர்களுக்குத்தான் எப்போதும் புனைபெயர்.

இதைப் படித்துவிட்டு இடைநிலைச் சாதி நண்பர் ஒருவர் கேட்பார், அப்போ தலித்துகளைத் தலித்துகள்தான் ஆய்வு செய்யணுமா, நாங்க என்ன செய்யறது என்று. தோழர், உங்களுக்குத்தான் வேலை அதிகம். நாங்கள் நுழையவே முடியாத இடத்தில் நீங்கள் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறீர்கள். உங்கள் சாதிச் சங்கத்தின் கல்யாண மண்டபம் யார் பணத்தில் கட்டப்பட்டது, வாட்ஸப் குழுவில் என்ன பேசுகிறார்கள், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, உங்கள் அக்கா காதலித்தபோது வீட்டுக் கூடத்தில் எத்தனை பெரியப்பாக்கள் கூடினார்கள். இதெல்லாம் டேட்டா இல்லையா? உங்கள் வீட்டில் கேட்டால் ஈசியாகவே கிடைக்குமே. அதை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்குக் குறிப்பேட்டோடு வந்து எங்கள் அம்மாவிடம் கழிப்பறை பற்றிக் கேட்கிறீர்கள். கேட்டால் அக்கறை என்கிறீர்கள். நாங்கள் எங்களைப் பற்றி எழுதினால் மட்டும் அகவயம், உணர்ச்சிவசம், ஆய்வு நடுநிலை இல்லை!

தலைப்பை மாற்ற ஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தத் தங்கை இன்னும் கேட்கவில்லை. பழைய தலைப்பு பழையபடியே கோப்பில் இருக்கிறது. ஆனால் பத்து ரூபாய் கட்டி, அந்தக் கிராமத்தின் அ-பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு போட்டுவிட்டார். தாலுகா ஆபீசில் மனுவை வாங்கியவர் முதலில் கேட்டது, "நீ எந்த ஊரும்மா? ஊர்லயா, காலனியா?" அதையும் நோட்டில் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். முப்பது நாள் கெடுவில் இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.